ஈட்டியில் இருந்து கேமராவுக்கு: பவளப்பாறைகளைப் படம் பிடித்தவர்களின் கதை

போன கட்டுரையைவிட இது கொஞ்சம் நீளம். டீ, காபி எதையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள் :-)

டிஸ்கவரி, நேஷனல் ஜியாக்ரஃபிக் சேனல்களில் கடலுக்கடியில் கலர் கலராக மீன்கள் நீந்துவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பவளப்பாறை என்றதும் நம் மனதில் வரும் படம் அதுதான். ஆனால் நம் கொள்ளுத் தாத்தா காலத்தில் யாருக்கும் மனதில் அப்படி ஒரு படமே கிடையாது. மன்னார் வளைகுடாவில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்பவர்கள் நேரில் பார்த்தார்கள். அவர்களைப் போன்ற சிலரைத் தவிர மற்ற மனிதர்களுக்குக் கடலின் அடி இருட்டுதான். அந்த இருட்டுக்குள் கேமரா எப்படிப் போனது, போனதால் பவளத்துக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா? இந்த இரண்டு கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

கேமராவுக்கு முன்னால் பென்சில்

இந்தக் கதை நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையின் காலியில் தொடங்குகிறது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். யூஜென் ஃபான் ரான்சோனே என்று வியன்னாவைச் சேர்ந்த ஓர் ஓவியர். 1860களில் இலங்கைக்கு வந்தார். கவிழ்த்து வைத்த பாத்திரம் போன்ற, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கூண்டில் உட்கார்ந்து காலிக் கடலில் இறங்கினார். கூண்டுக்குள் காற்று, வெளியே கடல். அங்கேயே உட்கார்ந்து பவளப்பாறைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மேலே கொண்டுவந்த செத்த பவளத்தைப் பார்த்து வரைவது அதுவரை இருந்த வழக்கம். இருந்த இடத்திலேயே உயிரோடு பார்த்து வரைந்தவர்களில் முன்னோடி இவர்தான்.

அதே சமயத்தில் கேமராவும் தண்ணீரைத் தொட ஆரம்பித்திருந்தது. 1856ல் இங்கிலாந்தின் வேமத் கடலில் வில்லியம் தாம்சன் என்பவர் கேமராவை ஒரு பெட்டியில் அடைத்து, படகில் இருந்து கயிற்றில் கட்டி இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தும் மங்கலாக ஒரு படம் கிடைத்தது. அதைத்தான் உலகின் முதல் நீரடிப் புகைப்படம் என்கிறார்கள். ஆனால் கேமரா மட்டும்தான் இறங்கியது, படம் எடுத்தவர் படகிலேயே இருந்தார்!

மனிதனும் கேமராவும் சேர்ந்து இறங்கியது 1893ல். பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் பான்யுல்ஸ் என்ற ஊரில் ஒரு கடல் ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த லூயி பூத்தான், தலையில் செம்புக் கவசம் மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் படம் எடுத்தார். வெளிச்சம் போதாததால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம்வரை லென்ஸைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் அசையாமல் போஸ் கொடுக்க மீன் என்ன கல்யாண மாப்பிள்ளையா? அதனால் அவர் ஒரு பெரிய பீப்பாயில் ஆக்சிஜனை நிரப்பி, அதன் மேல் ஸ்பிரிட் விளக்கை வைத்து, அந்தச் சுடரில் மெக்னீசியம் பொடியை ஊதி வெளிச்சம் உண்டாக்கினார். நீரடி ஃபிளாஷின் தாத்தா அந்தப் பீப்பாய்தான். 1900ல் நீரடிப் புகைப்படக்கலை பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஆனால் பூத்தானின் கடல் மத்தியதரைக் கடல். வெப்பமண்டலப் பவளப்பாறை இன்னும் காத்திருந்தது.

தண்ணீர் திருடும் நிறம்

இங்கே கொஞ்சம் இயற்பியல். பயப்படாதீர்கள், பரீட்சைக்கு வராது.

சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. தண்ணீர் அவற்றை ஒரே மாதிரி விடாது. சிவப்பை முதலில் விழுங்கிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும், பத்து மீட்டர் தாண்டினால் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அடுத்து ஆரஞ்சு, மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலம். இன்னும் ஆழத்தில் கையில் அடிபட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும் என்று மூழ்குபவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆக, டிவியில் நாம் பார்க்கும் அந்தச் செக்கச்சிவந்த பவளம், அந்த ஆழத்தில் வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு நீலச் சாம்பலாகத்தான் தெரியும். நிறம் பவளத்தில் இருக்கிறது, அதைக் காட்டும் வெளிச்சம்தான் அங்கே இல்லை. அந்த வெளிச்சத்தை மனிதன் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு தொல்லை ஒளிவிலகல். தட்டையான கண்ணாடி வழியே தண்ணீருக்குள் பார்த்தால் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு கிட்டத்திலும் தெரியும். தண்ணீரில் மிதக்கும் தூசு வேறு, ஃபிளாஷ் அடித்ததும் பனி பெய்வதுபோல் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக வந்துவிடும். அதனால்தான் நீரடிப் புகைப்படக்காரர்களுக்கு முதல் பாடம் ‘கிட்டே போ’.

அரைக்கிலோ மெக்னீசியமும் ஒரு மீனும்

இப்போது 1926க்கு வருவோம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குத் தென்மேற்கே கடலுக்குள் டிரை டோர்ட்டுகாஸ் என்ற சின்னத் தீவுக்கூட்டம். அங்கே கார்னகி நிறுவனத்தின் கடல் ஆய்வுக்கூடம் இருந்தது. வில்லியம் லாங்லி என்ற விலங்கியல் பேராசிரியர் வருடக்கணக்கில் அங்கே வந்து ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டிருந்தார்: பவளப்பாறை மீன்களுக்கு ஏன் இத்தனை பளீர் நிறங்கள்?

எதிரியை எச்சரிக்கவா, இணையைக் கவரவா, அல்லது ஒளிந்துகொள்ளவா? தட்டில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் பளீர் என்று தெரியும் மீன், தன் சொந்த இடத்தில், தன் பின்னணியில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால்தானே பதில் கிடைக்கும்? அதனால் அவர் கவசம் மாட்டி இறங்கி, கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தார். நிறத்தைப் பற்றிய கேள்விக்குக் கறுப்பு வெள்ளைப் படம் எவ்வளவு தூரம் உதவும்!

நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையின் புகைப்பட ஆய்வகத் தலைவர் சார்லஸ் மார்ட்டின் அவரோடு சேர்ந்தார். அன்றைக்கு இருந்த கலர் முறை ஆட்டோகுரோம். லூமியே சகோதரர்கள் 1907ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களைப் பரப்பி எடுக்கும் படம். (ஆமாம், நம்ம உருளைக்கிழங்குதான்!) அழகான நிறம் வரும், ஆனால் மகா மந்தம். கறுப்பு வெள்ளையைவிடப் பல மடங்கு வெளிச்சம் வேண்டும். தகட்டின் வேகத்தை ரசாயனத்தால் கூட்டியும் போதவில்லை.

அதனால் அவர்கள் தண்ணீரின் மேலே ஒரு மிதவை கட்டினார்கள். அதில் ஒரு பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட அரைக்கிலோ மெக்னீசியம் பொடி. மேலே வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்ப ஒரு தகடு. கீழே லாங்லி ஷட்டரை இழுத்தால், பேட்டரி வழியே மேலே பொடி வெடிக்கும். அந்த மின்னல் சுமார் 15 அடி ஆழம்வரை கடலை வெளிச்சமாக்கியது. ஒரு வெடியில் ஒரு படம். மீன் அந்த நொடியில் திரும்பிக்கொண்டால் மறுபடி முதலில் இருந்து. ஒருமுறை பொடி வெடித்து லாங்லிக்குக் கடுமையான தீக்காயம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ‘ஹாக்ஃபிஷ்’ மீன் கலரில் சிக்கியது. 1927 ஜனவரி இதழில் அந்தப் படங்கள் வந்தன. உலகின் முதல் நீரடிக் கலர்ப் புகைப்படங்கள். இன்று பார்த்தால் மங்கலாக, பழைய காலண்டர் படம்போல இருக்கும். ஆனால் கடலுக்குள் என்ன நிறம் இருக்கிறது என்று காகிதத்தில் மனிதன் கண்டது அன்றுதான்.

டிரை டோர்ட்டுகாஸ் என்ற பெயரை மறக்காதீர்கள். கடைசியில் மறுபடி வரும்.

வேட்டைக்காரன் மனம் மாறிய இடம்

லாங்லி கவசம் மாட்டி கடலடியில் நடந்தவர். பாரமான காலணி, மேலே படகோடு இணைத்த குழாய். மீன்போல நீந்திப் படம் எடுப்பதற்கு இன்னொரு வியன்னாக்காரர் வர வேண்டியிருந்தது. (இன்று கடற்கரையே இல்லாத நாட்டில் இருந்து கடலைப் படம் பிடிக்க இத்தனை பேர் எப்படி வந்தார்கள் என்று எனக்கு இன்னும் வியப்புதான்!)

ஹான்ஸ் ஹாஸ், பிறந்தது 1919. பள்ளி முடித்த கையோடு 1937ல் பிரெஞ்சுக் கடற்கரைக்குப் போனவர், அங்கே கை கில்பாட்ரிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஈட்டியால் மீன் குத்துவதைப் பார்த்தார். அதோடு சட்டப்படிப்பு மனதில் இருந்து போய்விட்டது. பின்னாளில் விலங்கியலுக்கே மாறி டாக்டர் பட்டமும் வாங்கினார். ஈட்டி பிடித்தார், கூடவே தண்ணீர் புகாத பெட்டியில் கேமராவையும் எடுத்துக்கொண்டார். 1939ல் வந்த அவருடைய முதல் புத்தகத்தின் தலைப்பிலேயே ஈட்டியும் கேமராவும் சேர்ந்து இருக்கின்றன.

அதே 1939ல் இரண்டு நண்பர்களோடு கரீபியன் கடலில் உள்ள குராசோ, பொனேர் தீவுகளுக்குப் போனார். முதல்முறையாக வெப்பமண்டலப் பவளப்பாறை. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவது, ஒரு படம், மேலே வருவது, மறுபடி இறங்குவது. அதற்குள் ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் வெடித்துவிட்டது. வந்த வழியே திரும்ப முடியாமல் அமெரிக்கா, ஜப்பான், ரஷ்யா என்று உலகத்தைச் சுற்றி 1940ல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஈட்டிக்கும் கேமராவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டுக்குமே மீனின் கிட்டே போக வேண்டும். ஆனால் ஈட்டி பட்ட இடத்தில் மற்ற மீன்கள் மிரண்டு ஓடும், அடுத்த நாளும் கிட்டே வராது. கேமராக்காரனை மீன்கள் பழகிக்கொள்ளும். ஈட்டிக்காரனுக்குப் பெரிய மீன் மட்டும் போதும். கேமராக்காரனுக்கு அந்த மீன் என்ன செய்கிறது, யாரோடு சண்டை போடுகிறது, எங்கே தூங்குகிறது எல்லாம் வேண்டும். வேட்டைக்காரனாகக் கடலில் இறங்கிய ஹாஸ் விஞ்ஞானியாக மாறியதில் கேமராவுக்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1942ல் கிரேக்கக் கடலில் ஆக்சிஜன் சுவாசக் கருவியோடு இறங்கினார். விடும் மூச்சைச் சுத்தப்படுத்தி மறுபடி தரும் கருவி, குமிழியே வராது. மீன்கள் மிரளாது. ஆனால் ஆழம் கூடினால் தூய ஆக்சிஜனே நஞ்சாகிவிடும். அந்த அபாயத்தோடுதான் வேலை செய்தார்கள். (குஸ்தோவும் கான்யனும் காற்றுச் சிலிண்டரோடு அக்வாலங் கருவியைச் செய்தது அடுத்த வருடம், 1943ல்.)

செயலாளர் என்று வந்த பெண்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் லோட்டே. ஹாஸின் அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்த இளம்பெண். கடற்பயணத்துக்கு என்னையும் கூட்டிப்போங்கள் என்றால், பெண்களுக்கு இடமில்லை என்று பதில். லோட்டே சண்டை போடவில்லை. வியன்னா பக்கத்தில் டான்யூப் நதியின் கிளை நீர்நிலைகளில் தானே இறங்கி, நீரடிப் படங்கள் எடுத்துப் பழகி, அவற்றைப் பத்திரிகையில் வெளியிட்டுக் காட்டினார். படத்தில் ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சினிமாக் கம்பெனி வேறு சொல்ல, 1950ல் செங்கடல் பயணத்தில் இடம் கிடைத்தது.

சூடானின் கடற்கரையில் சுறாக்களுக்கு நடுவே எடுத்த அந்தப் படம், ‘செங்கடலில் சாகசம்’, 1951ல் வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. அதற்குள் லோட்டே, லோட்டே ஹாஸ் ஆகியிருந்தார். ஒன்றைக் கவனியுங்கள். படத்துக்கு ‘அழகுக்காக’ என்று கூட்டிப்போன பெண், உண்மையில் கேமரா தெரிந்து போன பெண். போஸ்டரைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஹாஸின் அனுபவத்தில் உருவான ரோலைமரின் என்ற கேமராப் பெட்டி 1950களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. 1957-58ல் ஹாஸின் ஸரீஃபா கப்பல் செங்கடல், மாலத்தீவு, இலங்கை, நிகோபார் என்று சுற்றியது. மாலத்தீவில் மணலில் புல் முளைத்ததுபோல் நின்று ஆடி, ஆள் வந்தால் சட்டென்று வளைக்குள் மறையும் விலாங்குகளைக் கண்டார்கள். 1959ல் அந்த இனத்துக்கு ஹாஸின் பெயரையே வைத்தார்கள். கிட்டே போனால் மறைந்துவிடும் உயிர், வலையில் எப்படி வரும்? ஆள் இறங்கிப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

திருக்கோணமலைக் கடலில்

நம்மவர்களுக்கு நெருக்கமான அத்தியாயம் இது. அறிவியல் புனைகதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கை எல்லோருக்கும் தெரியும். அவர் இலங்கையில் குடியேறியதற்கு முக்கியக் காரணம் பவளப்பாறைகள்தான். விண்வெளியின் எடையின்மைக்கு மிக நெருக்கமான அனுபவம் கடலுக்கடியில்தான் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிட்டு, 1956ல் நண்பர் மைக் வில்சனோடு இலங்கைக்கு வந்தார். கிளார்க் எழுதுவார், வில்சன் படம் எடுப்பார். உள்ளூர் மூழ்காளர் ராட்னி ஜோங்க்ளாஸ் கடலைக் காட்டுவார்.

திருக்கோணமலையில், கோணேசர் கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே, வில்சன் கடலில் இறங்கினார். மீன்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே செதுக்கிய கல்தூண்கள் கிடந்தன. சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கீசியர் 1620களில் இடித்துத் தள்ளினார்கள் என்று நாம் வரலாற்றில் படிக்கிறோம். தள்ளிய கற்கள் போன இடம் அதுதான். 300 வருடங்களுக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்த தூண்கள், 1957ல் வந்த கிளார்க்கின் இலங்கைப் பவளப்பாறைகள் பற்றிய புத்தகத்தில் இடம்பெற்றன. மீன் தேடிப் போன கேமரா ஒரு கோயிலைக் கண்டது.

வில்சனின் பின்கதையும் விசித்திரம். 1961ல் தெற்கே பெரிய பாசஸ் பவளத்திட்டில் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டார்கள். உள்ளே ஔரங்கசீப் காலத்து, சூரத்தில் அச்சிட்ட வெள்ளி ரூபாய்கள் கட்டிகட்டியாக. 1962ல் இலங்கையின் முதல் சிங்கள வண்ணப் படத்தை எடுத்தார். பிற்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முருக பக்தராகி, சுவாமி சிவ கல்கி என்று பெயரும் மாற்றிக்கொண்டார்!

கேமரா நல்லதா, கெட்டதா?

இதுவரை வீரக்கதைதான். இனி கணக்கு பார்ப்போம்.

நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பஹாமாஸ் பவளப்பாறையைத் தத்ரூபமாகக் காட்டும் ஒரு காட்சி 1935ல் திறந்தார்கள். வில்லியம்சன் என்பவரின் நீரடிக் குழாய்க்குள் இருந்து பார்த்தும் படம் எடுத்தும் திட்டமிட்ட காட்சி. அதற்காகக் கடலில் இருந்து எடுத்து வந்த பவளம் 40 டன். குஸ்தோவின் ‘மௌன உலகம்’ 1956ல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம். அதிலேயே, மீன்களை எண்ணுவதற்காக என்று பவளப்பாறையில் டைனமைட் வைக்கும் காட்சி இருக்கிறது. அன்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். இன்று பார்க்க முடியவில்லை. குஸ்தோவே பின்னாளில் கடல் பாதுகாப்புக்காகப் பேசுபவராக மாறினார்.

1963ல் நிக்கான் நிறுவனத்தின் நிக்கானோஸ் வந்தது. தனிப் பெட்டி தேவையில்லை, கேமராவே தண்ணீர் புகாதது. பிறகு டிஜிட்டல். ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். ஒரு நல்ல படத்துக்காகப் பவளத்தில் கை வைப்பவர், மண்டியிடுபவர், துடுப்பால் உடைப்பவர் எல்லோரும் அதில் உண்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பவளங்கள் பல. ஒரு உதைக்கு ஒரு தலைமுறை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1998ல் கடல் சூடேறி மாலத்தீவு, இலங்கை, லட்சத்தீவு, மன்னார் வளைகுடா எல்லா இடத்திலும் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறுவதுதான் வெளுப்பு. சூடு நீடித்தால் பவளம் செத்துவிடும். இதைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஒரே இடம், முன்பு, பின்பு என்று இரண்டு படம் போதும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. 2001ல்தான் கல்பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தன. கரையில் குவித்து வைத்த வெள்ளைக் கல்லைப் பார்த்தவர்களுக்கு அது கல் மட்டுமே. அது உயிரோடு எப்படி இருக்கும் என்று படம் பார்த்தவர்களுக்குத்தான் கோபம் வரும்.

இப்போது டிரை டோர்ட்டுகாஸ். 2023 கோடையில் ஃபுளோரிடாக் கடல் இதுவரை இல்லாத அளவுக்குச் சூடேறியது. மான்கொம்பு வடிவிலும் பெரிய கிளைகளாகவும் வளர்ந்து அந்தப் பாறைத்திட்டுகளையே கட்டியெழுப்பிய அக்ரோபோரா இனப் பவளங்கள், டோர்ட்டுகாஸ் உட்பட அந்தப் பகுதியில் ஏறக்குறைய முழுக்கவே மடிந்துவிட்டன. லாங்லியும் மார்ட்டினும் அரைக்கிலோ மெக்னீசியத்தை வெடித்து உலகுக்கு நிறம் காட்டிய அதே கடல்.

1926ல் அவர்களுக்கு இருந்த பிரச்சினை, நிறம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. நம் தலைமுறைக்கு வெளிச்சம் தாராளமாக இருக்கிறது, நம் பாக்கெட்டில் இருக்கும் போனிலேயே கேமரா இருக்கிறது. நிறம்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். உங்களில் யாராவது ராமேஸ்வரம், தூத்துக்குடி, லட்சத்தீவு, திருக்கோணமலை பக்கம் கடலில் இறங்கிப் படம் எடுத்தால், மீனை மட்டும் எடுக்காதீர்கள். பின்னால் இருக்கும் பாறையையும் சேர்த்து எடுங்கள். தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பவளத்தைத் தொடாதீர்கள். முப்பது வருடம் கழித்து அந்த இடம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்கும்போது, சாட்சி சொல்ல உங்கள் படம் மட்டும்தான் இருக்கலாம்.